முதுகில் இறக்கின மா

வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடிக்கு நான் காவல். பகலில் வேலை குறைவு. போனில் எங்கள் நாட்டைப் பற்றிய கட்டுரையை வாசித்தேன். யாரும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் அது. மலை, ஆறு, மன்னர்கள், தேயிலை எல்லாம் இருந்தது. இறக்குமதி என்ற இடத்தில் கோதுமை மா, சீனி என்று போட்டிருந்தது. இறக்கினது யார் என்று இல்லை.

நானும் அண்ணனும் கொட்டாஞ்சேனையில் துறைமுகச் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளில் மூட்டை சுமந்தவர்கள். நான் ஒன்பது வருசம். அண்ணன் முதுகு முறியும்வரை. பிறகு அங்கேயே ஒரு அறையில் படுத்த படுக்கை. ஞாயிறுகளில் போய்ப் பார்ப்பேன். கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"எங்கட கதை இருக்கோ?"

"இல்லை."

"ஒரு வரி போடன். கண் மூட முந்திப் பார்க்கவேணும்."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த ஒரு வரிக்கு மூன்று நாள் போனது. 'இந்த மூட்டைகளை ஆட்கள் முதுகில் சுமந்து இறக்கினார்கள்.' பக்கம் ஆதாரம் கேட்டது. 'நான் சுமந்தனான்' என்று எழுதினேன். அண்ணனிடம் போனில் சொன்னேன்.

"ஐசி நம்பரையும் போடு. அது இல்லாம இந்த நாட்டில ஆர் எங்களை நம்பினவன்?"

சரிதான். சோதனைச் சாவடியில் அடையாள அட்டை இல்லாமல் வாய் சொன்னதை ஒருவரும் கேட்டதில்லை. போட்டேன்.

அரை மணித்தியாலத்தில் வரி இல்லை. அங்கே திருத்துகிற ஒருவர் எழுதியிருந்தார்: 'ஐயா, அடையாள அட்டை இலக்கத்தைப் பொதுவில் இடாதீர்கள், நீக்கிவிட்டேன். சொந்த அனுபவம் ஆதாரமாகாது. நூல் ஏதும் இருந்தால் தாருங்கள்.' மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கோபிக்க ஒன்றுமில்லை.

மருதானையில் பழைய புத்தகக் கடைக்காரரிடம் சிங்களத்தில் கேட்டேன். சிரித்தார்.

"மூட்டை தூக்கினவனுக்கு ஆர் அண்ணே புத்தகம் போடுறது? நீங்களே எழுதுங்கோ."

ஞாயிறு அண்ணன் கேட்டார். "போட்டிட்டாங்களோ?"

"எடுத்திட்டாங்கள்."

 அவர் தலையணைக்குக் கீழே கையை விட்டுத் தன் ஐசியை எடுத்தார். படத்தில் முகம் பாதி அழிந்திருந்தது.

"உன்ர நம்பர் காணாது போல. என்ரயைப் போட்டுப் பார். நான் உன்னை விடக் கனகாலம் சுமந்தனான்."

வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். அது அப்படி இல்லை என்று சொல்லவில்லை. போடவும் இல்லை.

அடுத்த ஞாயிறுக்கு முன் அண்ணன் செத்துப்போனார்.

மரணப் பதிவாளர் ஐசி கேட்டார். பையிலேயே இருந்தது. கொடுத்தேன்.

"தொழில்?"

"மூட்டை சுமந்தவர்."

ஆதாரம் கேட்கவில்லை. எழுதினார்.

அந்தப் பதிவுத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். வாசித்துக் காட்ட ஆள் இல்லை.