செப்புக்காசின் விளிம்பில் ஒரு வெட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, பாலையூற்றில் எங்கள் வீட்டுக் கேற்றடியில் ஒருவர் வந்து நின்று என் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யுத்தம் கண்ட இந்த ஊரில் என் வயதுக்காரருக்கு, முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்று முழுப்பெயர் சொன்னால் முதலில் பயம்தான் வரும். வெட்டிக்கொண்டிருந்த வெண்டிக்காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

கிண்ணியாவிலிருந்து வருவதாகச் சொன்னார். முஸ்லிம் அண்ணர்களைக் கூப்பிடுவதுபோல் நானா என்றே கூப்பிட்டேன். கதிரையில் இருந்ததும், மடித்த தாளொன்றை எடுத்து விரித்தார்.

“புள்ள, இது உங்கட கையெழுத்துத்தானே?”

நான் எடுத்த படம். சதுரக்கோட்டுக் கொப்பித் தாளில் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு. பக்கத்தில் நீல மையில் 3.12 கிராம், 21 மில்லிமீற்றர். தாளை அழுத்தியபடி என் பெருவிரல்.

நான் பாமசியொன்றில் மருந்து கொடுப்பவள். நிறுப்பதும் உடனே எழுதுவதும் பழகிப்போனவை. என்னிடமுள்ள பழைய காசுகளையும் அப்படியே நிறுத்து, அளந்து, படமெடுத்து வைப்பேன். “நீர் காசை நிறுக்கிறீரோ, காசு உம்மை நிறுக்குதோ?” என்று கணவர் கேலிசெய்வார். இந்தப் படத்தைத் தை மாதம், காசு சேர்ப்பவர்களின் முகநூல் குழுவொன்றில் போட்டிருந்தேன். போலியை இனங்காண மற்றவர்களுக்கு உதவுமென்று நினைத்தேன்.

“ஓம் நானா, என்ட கையெழுத்துத்தான்.”

“அப்ப நீங்கதான் வித்திருக்கீங்க.”

இணைய ஏலமொன்றில் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவர் காசை வாங்கியிருக்கிறார். தபாலில் வந்தது போலி. ஏலத்தில் விற்ற அதே ஆளிடம் ஏமாந்த இன்னும் நாலு பேரைத் தெரியுமாம். அதே படம் குழுவில் என் பெயரோடும் ஊரோடும் கிடக்க, தேடி வந்துவிட்டார்.

“நான் விக்கேல்ல நானா. படத்தை ஆரோ களவெடுத்திருக்கினம்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. நான் சத்தம் போட வரல்ல, புள்ள. நாளைக்குப் பொலிசுக்குப் போறன். அதுக்கு முந்தி ஆளைப் பாத்துட்டுப் போவம் எண்டு வந்தன்.”

பாமசி வாசலில் பொலிஸ் ஜீப் நிற்பதும், வரிசையில் நிற்கும் நோயாளர்கள் திரும்பிப் பார்ப்பதும் கண்ணுக்குள் வந்தன. அதற்குப் பிறகு என் கையால் யார் மருந்து வாங்குவார்கள்?

பிளாஸ்ரிக் உறையோடு அந்தக் காசை என்னிடம் நீட்டினார். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். கீழ் விளிம்பில், நெல்மணி நுனியளவில் ஒரு வெட்டு.

தாளிலிருந்த படத்தில் அந்த வெட்டு இல்லை. இருக்கவும் முடியாது. படமெடுத்து ஒரு மாதத்தின் பின், மாசியில், என் காசு கைதவறி அம்மியில் அடிபட்டு விழுந்தது. வெட்டு அன்று வந்தது. அன்றே நாட்குறிப்பிலும் எழுதினேன். ஆகவே இந்தப் போலியைப் படத்தைப் பார்த்துச் செய்யவில்லை. என் காசையே கையில் வைத்து அச்செடுத்திருக்கிறார்கள். விழுந்த பின் அது அலுமாரியை விட்டு வெளியே போனது ஒரே தடவை. கிளிவெட்டியிலிருக்கும் கணவரின் தம்பி, “கூட வேலை செய்யிறவருக்குக் காட்டிப்போட்டுத் தாறன் அண்ணி” என்று வாங்கிப்போய் ஒன்பது நாள் வைத்திருந்தார்.

வந்தவர் வெட்டைக் கவனிக்கவில்லை. நான் பேசாமலிருந்தால் இது படக் களவோடு நின்றுவிடலாம். ஆனால் நாளைக்கு யாராவது என் அலுமாரியைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அச்செடுத்தவள் நானென்றல்லவா ஆகும்?

உள்ளே போய் என் காசையும் நாட்குறிப்பையும் எடுத்தேன். அறை வாசலில் கணவர் நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

“கொப்பியை உள்ளுக்கு வையும்.”

வைக்கவில்லை. வெளியே கொண்டுவந்து, வெட்டையும் தம்பி காசை வாங்கிப்போனதையும் சொன்னேன்.

கிண்ணியாக்காரர் இரண்டு காசையும் மாறி மாறிப் பார்த்தார். காசு விழுந்த நாளும் தம்பி வாங்கிப்போன நாளும் எழுதிய நாட்குறிப்பின் இரண்டு பக்கங்களையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

“நீங்க சொல்லாட்டி எனக்கு இது வெளங்கியிருக்காதே, புள்ள. ஏன் சொன்னீங்க?”

“பயத்தில, நானா.”

அவர் சிரிக்கவில்லை. பக்கங்களைப் படமெடுத்துக்கொண்டு, தம்பியின் போன் இலக்கத்தைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கணவர் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொன்றாக, நிதானமாக. கடைசி இலக்கத்தை நாலு என்றார். தம்பியின் இலக்கம் அவருக்கு நித்திரையிலும் பிசகாது.

பிழையான இலக்கத்தோடு இந்த மனிதர் போனால், பிறகு பொலிசோடுதான் திரும்பி வருவார், என்னிடம்தான் வருவார்.

“நாலில்லை,” என்றேன். “ஏழு.”

கிண்ணியாக்காரர் அழித்து எழுதினார். கணவரை ஒருமுறை பார்த்தார். கேற்றைச் சாத்திவிட்டுப் போனார்.

குசினியில் திரும்பவும் வெண்டிக்காய்க்கு முன் இருந்தேன். கணவர் எதிரே வந்து இருந்தார்.

“அவன் தெரியாமக் குடுத்திருப்பான்.”

“இருக்கலாம்.”

“இருக்கலாமோ? அவன் என்ட தம்பி.”

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மேசையிலிருந்த கணவரின் போன் அடித்தது. திரையில் தம்பியின் பெயர். அதற்குள் கிண்ணியாக்காரர் அவரோடு பேசியிருக்க வேண்டும். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்து நின்றது. மீண்டும் அடித்தது.

கணவர் போனை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.