சேற்றில் எழாத பந்து

நெவ் டிரெம்பாத் கடல் தாண்டித் தீவு நகரமான சூவாவுக்குப் புறப்பட்டது அக்டோபர் முதல் வாரத்தில், ஒரு புதன்கிழமை. மெல்பர்ன் விமான நிலையம் வரை எங்களையெல்லாம் ஏற்றிப்போனதும் அவர்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இன்னொருவன் வண்டி ஓட்டத் தான் பின்னால் உட்காருவது அவருக்கு ஆகாது. அவர் மனைவி லொரெய்ன் ஊர் ஹோட்டல் முனையில் நின்று, "தொப்பியக் கழட்டாத, மண்டை வெந்துடும்!" என்று கத்தினாள். அணிப் பையன்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நெவ் சிரிக்கவில்லை. அது எனக்கு விசித்திரமாகப் பட்டது, ஏனென்றால் தன் வழுக்கையைப் பற்றி முதல் நகைச்சுவையை எப்போதும் அவரேதான் சொல்வார்.

எங்கள் டாரிங்கலில் கோதுமை, ஆடு, கையாலும் காலாலும் ஆடும் எங்கள் கால்பந்தான ஃபுட்டி, இந்த மூன்றையும் விட்டால் பேச்சில்லை. நெவ் இருபது வருடத்துக்கும் மேலாக ஃபுட்டி நடுவர். நடுவர்கள் வெள்ளைச் சட்டை போட்ட காலத்தில் ரசிகர்கள் வைத்த பெயர் "வெள்ளைப் புழு". சட்டை பச்சையாக மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. பெட்ரோல் பங்கில்கூட, "என்ன புழு, டேங்க் நிரப்பட்டுமா?" என்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. அவருக்கு ஒரு பெருமை போதும்.

அந்தப் பெருமை, பந்தைக் குத்துவது. ஆட்டம் தொடங்கும்போதும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவர் மைதானத்தின் மையத்தில் நின்று, முட்டை வடிவப் பந்தை இரண்டு கையாலும் ஓங்கித் தரையில் அடிப்பார். அது நெட்டுக்குத்தாக மேலே போகும். இரண்டு அணியின் நெட்டையர்களும் அதற்காக ஒருவர்மேல் ஒருவர் பாய்வார்கள். கோணலாகப் போனால் நடுவர் விசிலடித்துப் பந்தைத் திரும்ப வாங்கி, கையாலேயே மேலே தூக்கிப் போடலாம். விதியில் அதற்கு இடம் உண்டு. எங்கள் பக்கத்தில் மரியாதை கிடையாது.

செப்டம்பரில் நடந்த இறுதிப் போட்டியில் நெவ் குத்திய பந்து கோணலாகப் போனது. அடுத்ததும் போனது. அதற்கடுத்தது அவர் முழங்காலிலேயே வந்து அடித்தது. ஊரே ஊளையிட்டது.

விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்த நெவ், மேகத்தைப் பார்த்தபடி சொன்னார்: "கை மறந்துபோச்சும்மா. பஸ் ஷெட்டுக்குப் பின்னால தினம் குத்திப் பாக்குறேன். எந்தப் பக்கம் போகும்னு எனக்கே தெரியல."

"ப்ரான்வின்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா உசுரோட விடுவாளா?"

ப்ரான்வின் கிட்டோ எங்கள் வட்டார ஃபுட்டிச் சங்கத்தின் தலைவி. எங்கள் அணியைக் கூட்டிப்போய் அங்கே ஒரு ஆட்டம் ஆடிக் காட்டும் இந்தப் பயணம் அவள் மூளையில் உதித்தது. எல்லைக்கோட்டு நடுவரின் முழங்கால் வீங்கிவிட, பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்த என்னை இழுத்துப்போட்டதும் அவள்தான். "நீ ஒரு இடத்துல நிக்கமாட்ட. கோட்டோரமா ஓடு" என்றாள்.

சூவாவில் எங்களை வரவேற்றவள் லிட்டியா, பள்ளி ஆசிரியை. மெல்பர்னில் படித்தபோது ஃபுட்டி பைத்தியம் பிடித்து, ஊர் திரும்பி, ரக்பியைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காத இடத்தில் ஓர் அணியைத் திரட்டியிருந்தாள். அவர்களுக்கு இல்லாதது மைதானம். பள்ளியின் பின்புறம் ஆடினால் பந்து சாக்கடையில் விழுந்தது. ஊர் மைதானத்துச் சனிக்கிழமைகள் மைதானக் குழுத் தலைவர் வைசாலேயின் கையில். அந்தச் சனிக்கிழமைகளைக் கேட்டு இரண்டு ரக்பி சங்கங்கள் அவர் வாசலில் காத்திருந்தன.

"இந்தச் சனிக்கிழம ஒரு தடவ மைதானத்தக் குடுத்து, வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. பிடிச்சா குடுப்பாரு. இல்லன்னா எங்க அணி இந்த வருஷத்தோட கலஞ்சுடும். பசங்க இப்பவே ரக்பிக்குப் போக ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள் லிட்டியா.

"அப்ப முதல் குத்துலயே அவர் வாயப் பொளக்கணும்," என்றாள் ப்ரான்வின். "உலகத்துல வேற எந்த ஆட்டம் இப்படித் தொடங்குது? நெவ், நீதான் நம்ம துருப்புச் சீட்டு."

நெவ் தலையாட்டினார். சாப்பாட்டுத் தட்டில் இருந்த மீனைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் மழை கொட்டியது. மாலையில் கொஞ்சம் விட்டதும் நெவ் மைதானத்துக்கு நடந்தார். நானும் லிட்டியாவும் பின்னால் போனோம். எங்கள் ஊர் மைதானத்தின் நடுவில் கிரிக்கெட் ஆடும் களிமண் பட்டை உண்டு, காய்ந்து கல்லாக இருக்கும். நெவ் வாழ்நாள் முழுக்கக் குத்தியது அந்தக் கல்லில்தான். அதற்கேற்றபடி பந்தையும் விறைப்பாகக் காற்றடித்துக் கொண்டுவந்திருந்தார். இங்கே நடுவில் குதிகாலை ஊன்றினார். கணுக்கால் வரை உள்ளே போனது.

"தூக்கிப் போட்டுடுங்க மாமா," என்றாள் லிட்டியா. "நாங்க எப்பவும் அப்படித்தான்."

"எங்க ஊர்ல தூக்கிப் போடுறவனப் பால்வாடிக்கு அனுப்புவாங்க."

"இது எங்க ஊராச்சே?"

அவர் காலை உருவினார். ஷூ சேற்றிலேயே தங்கிவிட்டது.

சனிக்கிழமை தூறல். வைசாலே கோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கறுப்புக் குடையின் கீழ், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நல்ல கூட்டம். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க, பாதிப் பேர் கேலி செய்ய. நெவ் மையத்துக்கு நடந்தார். பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். ஓங்கிக் குத்தினார்.

பந்து எழவே இல்லை. சேற்றில் பாதி புதைந்து அப்படியே நின்றது.

கூட்டத்தில் யாரோ, "மொட்டத் தாத்தா முட்ட நட்டுட்டாரு டோய்! தண்ணி ஊத்துங்க, முளைக்கும்!" என்றான். மைதானமே சிரித்தது. வைசாலே சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ!" என்று ப்ரான்வின் கத்தினாள். "ஓங்கிக் குத்து நெவ்!"

விதிப்படி இப்போது தூக்கிப் போட வேண்டியதுதான். நெவ் பந்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, மறுபடியும் குத்தினார். அது தரையோடு வழுக்கிப் போய் எங்கள் நெட்டையன் டாரனின் கணுக்காலில் இடித்தது. கேலி இன்னும் பெரிதானது. வைசாலே குடையை மடக்கி எழுந்தார். லிட்டியா அவர் பக்கமாக இரண்டடி வைத்து நின்றுவிட்டாள்.

நான் கோட்டில் இருந்ததால் நெவ்வின் முகம் தெரிந்தது. அவர் வைசாலேயைப் பார்த்தார், லிட்டியாவைப் பார்த்தார். பந்தை மூன்றாவது தடவையாக எடுத்தார். ப்ரான்வின் கத்திக்கொண்டே இருந்தாள். அவர் முழங்காலை மடக்கி, பந்தை இரண்டு கையாலும் கீழிருந்து மேலே விட்டார்.

நூல் பிடித்தாற்போல் போனது. லிட்டியா அணியின் பையன் ஜொவேலி, டாரனைவிட ஒரு சாண் குள்ளன், டாரனின் தோளிலேயே முழங்காலை ஊன்றி ஏறிப் பந்தைத் தட்டிவிட்டான். அது யார் கைக்கோ போய், உதைபட்டு, கம்பங்களுக்கு நடுவே பாய்ந்தது. மைதானம் எழுந்து நின்றது. வைசாலே உட்கார்ந்தாரா என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து மையத்துக்கு வந்துவிட்டது.

உட்கார்ந்துதான் இருந்தார். குடையை விரிக்காமல், நனைந்துகொண்டு.

முதல் இடைவேளையில் ப்ரான்வின் நெவ்வின் மேல் பாய்ந்தாள். "பொட்டலத்தக் கைமாத்துற மாதிரி போடுற! இதுக்கா உன்ன இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்?"

"நீ வந்து குத்து, ப்ரான். எனக்கும் வேடிக்க பாக்கணும்."

அதன் பிறகு அவர் ஒரு தடவைகூடக் குத்தவில்லை. ஆட்டம் சேற்றில் புரண்டது. யார் எந்த அணி என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனது. கேலி செய்ய வந்தவர்கள் ஜொவேலியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான்கு பகுதி ஆட்டத்தில் மூன்றாம் பகுதியின் நடுவில் நான் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. வைசாலே போய்விட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லிட்டியா எங்களை வழியனுப்ப வந்தாள். எல்லோர் கையையும் குலுக்கினாள். நெவ், "நான் முதல்லயே தூக்கிப் போட்டிருக்கணும்" என்றார். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

ஊர் திரும்பிய வாரமே நெவ் விசிலைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டார். அறுவடை வந்தது, போனது. அடுத்த ஆட்டப் பருவம் தொடங்கியபோது வேறொரு நடுவர் வந்தார். சனிக்கிழமைகளில் நெவ் பேருந்தைக் கழுவினார். சூவாவிலிருந்து தகவல் இல்லை. நானாக எழுதிக் கேட்கவும் துணியவில்லை. அந்த அணி கலைந்துவிட்டது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ப்ரான்வின் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள்.

மறுவருடம் செப்டம்பரில், பேருந்துப் படியில் உட்கார்ந்து நெவ் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். லிட்டியா எழுதியிருந்தாள். நான் வாசித்தேன்.

"மாமா, குழு இப்பதான் முடிவு பண்ணுச்சு. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சனிக்கிழம முழுசா எங்களுக்கு. மழை மாசத்துல ரக்பிக்காரங்க மைதானத்தைத் தொடமாட்டாங்களாம். 'சேத்துலயும் ஆடுறவங்கள நான் என் கண்ணால பாத்தேன், அவங்களுக்குக் குடுங்க'ன்னு வைசாலே சொன்னாராம். அன்னிக்கு அவர் பாதில போனது மச்சினன் கல்யாணத்துக்கு. இவ்வளவு நாளும் பள்ளிக்குப் பின்னாலயே ஆடிச் சமாளிச்சோம், இப்ப நாலு அணி சேந்திருக்கு. ஆனா நடுவருங்க தூக்கிப் போடுற பந்து ஒண்ணும் நேரா போகமாட்டேங்குது. எப்ப வர்றீங்க?"