சூப்பர் லோகேஷும் சுண்டுவிரல் கேமராவும்

லோகேஷுக்கு எதையும் குறை சொல்ல வாய் வராது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் படகு இன்ஜின் பழுதுபார்க்கிறவன் அவன். உப்புப் போடாத குழம்பையும் சூப்பர் என்பான். பாதியில் எழுந்து வந்த படத்தையும் சூப்பர் என்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு "சூப்பர்" என்றதால்தான் செவ்வந்தி அவனுக்குக் கழுத்தை நீட்டினாள். காபி போட்டது அவள். ஊரில் அவனுக்கு சூப்பர் லோகேஷ் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை, அவன் பந்தய ட்ரோன் விடத் தொடங்கும் வரைக்கும்.

காட்டூர்ப் பக்கம் கதிர் அறுத்த வயலில், குழாய்களை வளைத்து வாசல் வாசலாக நட்டு, அதற்குள் ட்ரோன்களைப் புகுந்து புறப்பட விடுவதுதான் பந்தயம். ட்ரோனின் மூக்கில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கேமரா இருக்கும். ஓட்டுகிறவன் முகத்தில் பெட்டி போன்ற கண்ணாடியை மாட்டிக்கொள்வான். கேமரா பார்ப்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். வெயிலிலிருந்து மரநிழலுக்குள் பாயும்போது கேமரா ஒரு கணம் திணறினாலும் ட்ரோன் மரத்தைக் கட்டிக்கொள்ளும்.

பொன்னேரியில் ட்ரோன் சாமான் கடை வைத்திருப்பவன் ஹரிஷ். சின்ன வயசு, சுறுசுறுப்பு. கடைக்குள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போதும் தொப்பியைத் திருப்பிப் போட்டிருப்பான். புதுக் கேமரா வந்தால் சோதித்துப் பார்க்க லோகேஷிடம்தான் கொடுப்பான். ட்ரோன் ஓட்டுவதில் லோகேஷின் கை அவ்வளவு நேர்த்தி. வாய்தான் சரியில்லை. போன தடவை அவன் சூப்பர் என்று சொன்ன கேமராவை நம்பி வாங்கியவர்கள் எல்லாரும் வாசல் எது வரப்பு எது என்று தெரியாமல் மண்ணில் குத்தினார்கள்.

இந்தத் தடவை ஹரிஷ் கறாராகச் சொல்லிவிட்டான்.

"லோகேஷ்ணா, சென்னைப் போட்டிக்கு டீம்ல ஒரு எடம் கீது. உங்களத்தான் நெனச்சி வச்சிருக்கேன். ஆனா இந்தக் கேமராவப் பத்தி உள்ளத உள்ளபடி சொல்லணும். கறுப்புக்குள்ள கறுப்பக்கூடப் பிரிச்சிக் காட்டும்னு கம்பெனிக்காரன் சொல்றான். மெய்யா பொய்யானு பழைய கேமராவோட பக்கத்துல வச்சி வீடியோ போடுங்க. க்ரூப்ல எல்லாரும் பாப்பாங்க. மறுபடியும் சும்மா சூப்பர்னீங்கன்னா வேற ஆளப் பாத்துப்பேன்."

அந்த இடத்துக்காக லோகேஷ் ஏங்கிக் கிடந்தான். தூக்கத்தில்கூட அவன் கட்டைவிரல்கள் ட்ரோன் ஓட்டின.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். லோகேஷும் தொப்பிக்காரன்தான். உச்சந்தலையில் அப்பளம் அளவுக்கு முடி கொட்டியிருந்தது. அவனுடைய நைனா சிங்காரத்தின் தலையில் ஏற்கெனவே முகம் பார்க்கலாம். "பரம்பரச் சொத்துடா, எங்க ஓடிடும்?" என்பார் அவர். செவ்வந்தி விடவில்லை. கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டு ஓர் எண்ணெய் காய்ச்சினாள். தேய்த்துப் பார்த்த லோகேஷ் வழக்கம்போல "சூப்பர்" என்றான். சொல்லிய பிறகு முடி முளைத்தாக வேண்டுமே! செவ்வந்தியின் கண்மை டப்பாவைத் திருட்டுத்தனமாக எடுத்து, வழுக்கையில் அப்பிக்கொள்ள ஆரம்பித்தான். எண்ணெயின் மகிமையை அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்மை காலியாவதற்கு நாத்தனார் கீதாதான் காரணம் என்று அவளோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

சோதனைக்கு ஏரிக்கரையில் படகுகள் இழுத்துப் போட்டிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தான். ஏரிக்கு அப்பால் ராக்கெட் தளம் இருக்கும் பக்கம் ட்ரோன் விடத் தடை என்பதால், அவன் ட்ரோன் அங்கே மூக்கைக்கூடத் திருப்பாது. தென்னை உயரத்துக்குக் கீழேதான் விடுவான். ஒரு ட்ரோனில் பழைய கேமரா, இன்னொன்றில் புதியது. தன் பழைய கண்ணாடியைச் செவ்வந்திக்கும் மாட்டிவிட்டான். "ரெண்டு பேரும் ஒண்ணையே பாக்கலாம். வித்தியாசம் தெரிஞ்சா சொல்லு" என்றான்.

முதலில் பழைய கேமரா தண்ணீர்மேல் பறந்தது. பிறகு புதியது. செவ்வந்தி கூடையில் மடவை மீனும் நண்டும் பரப்பி வைத்திருந்தாள். அதன்மேலும் இரண்டும் பறந்தன. வலைக் கொட்டகையின் இருட்டுக்குள்ளும் போய் வந்தன.

"ரெண்டும் ஒரே மாதிரிதான்யா கீது" என்றாள் செவ்வந்தி.

உள்ளதைச் சொல்லலாம் என்றால் சொல்ல ஒன்றுமில்லையே. லோகேஷ் சோர்ந்துபோய்ப் புதுக் கேமரா ட்ரோனைத் தன் பக்கம் திருப்பி, தலைக்கு மேலே கொண்டுவந்து தாழ்த்தினான்.

கண்ணாடிக்குள் ஓர் ஆள் தெரிந்தான். பாவம், உச்சந்தலையில் யாரோ தார் பூசிவிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் முடி பழுப்பாக, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவில் இருந்ததோ நீலம் பாய்ந்த கறுப்பு. வேர்வையில் அது கரைந்து ஒரு கோடு காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. யார்றா இந்த ஆளு என்று லோகேஷ் இரக்கப்பட்டான். பிறகு அந்த ஆளின் சட்டையைப் பார்த்தான். காலையில் தான் போட்டுக்கொண்ட சட்டை. இறக்கைக் காற்றில் தொப்பி பறந்து ஏரியில் மிதந்துகொண்டிருந்தது.

"யோவ்!" பக்கத்தில் செவ்வந்தியின் குரல். "அது என் கண்மை!"

ட்ரோன் தொப்பென்று மணலில் விழுந்தது. செவ்வந்தி கண்ணாடியைக் கழற்றி வீசினாள்.

"எண்ணெ சூப்பர்னியே! முடி மொளைச்சிருச்சினியே! நான் பாதி ஊருக்கு அந்த எண்ணெயச் சொல்லி வச்சிருக்கேன்யா! அந்தக் கீதாவ வேற திருடினு..."

"நீ அடுப்பாண்ட நின்னு வெந்து காச்சுன. நல்லால்லனு எப்படிச் சொல்றது செவ்வந்தி?"

அவள் அவனை முறைத்தாள். பிறகு சந்தேகத்தோடு கேட்டாள்.

"அப்ப அந்தக் காபி?"

லோகேஷ் மணலைப் பார்த்தான். காதோரம் மை சொட்டியது.

"ஆறித்தான் இருந்திச்சி. சக்கரையும் இல்ல."

"எனக்கும் தெரியும்யா" என்றாள் செவ்வந்தி. கோபத்தை இழுத்துப் பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகு ஓரத்தில் சாய்ந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

திரும்பி வந்த அந்தப் பாதியும் அடுத்த வேலையில் போனது. பழைய கேமரா ட்ரோனை எடுத்து, தொப்பி இல்லாத தலைக்கு மேல் அதையும் விட்டுப் பார்த்தான். ஆகா! கருகருவென்று, காலேஜுக்குப் போகிற பையன் தலை போல. முடிக்கும் மைக்கும் வித்தியாசமே இல்லை. எவ்வளவு நல்ல கேமரா இது என்று அவன் மனம் உருகியது. புதியதைக் குப்பை என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கறுப்புக்குள் கறுப்பைப் பிரித்துக் காட்டிய ஒரே சாட்சி அவன் தலைதான். அதைக் காட்டாவிட்டால் வயலில் மறுபடியும் யாராவது மண்ணில் குத்துவார்கள், சென்னை இடமும் போகும். வெட்கம் பிடுங்கித் தின்ன, இரண்டு தலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கீழே எழுதினான்: "இடது பக்கம் பழைய கேமரா. வலது பக்கம் புதுசு. உச்சந்தலையில் இருப்பது முடி இல்லை, கண்மை. தலை என்னுடையது." கண்ணை மூடிக்கொண்டு க்ரூப்பில் போட்டான்.

செவ்வந்தி அதற்குள் மை டப்பாவோடு கீதா வீட்டுக்குச் சமாதானம் பேசக் கிளம்பியிருந்தாள்.

க்ரூப்பில் சிரித்து உருளும் பொம்மைகளாக வந்து கொட்டின. லோகேஷ் போனைக் கவிழ்த்து வைத்தான். அது அடித்தது. ஹரிஷ்.

"லோகேஷ்ணா, இப்டி ஒரு டெஸ்ட நான் பாத்ததே இல்ல. டீம்ல நீங்கதான். கேமராவுக்கும் ஆர்டர் குடுத்துட்டேன்."

லோகேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தான். ஹரிஷ் இன்னும் போனை வைக்கவில்லை. கடையில் யாரோ இருந்தார்கள் போல. வெளியே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணா... அந்த மை இன்னா மை? நல்லா இருக்குதா?"

மின்விசிறிக்கு அடியிலும் ஹரிஷ் கழற்றாத அந்தத் தொப்பி லோகேஷின் கண்முன் வந்தது. வழக்கமான பதில் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெறும் தலையைத் தடவிக்கொண்டான்.

"சுமார்தான்பா" என்றான். "வேர்த்தா வழியும்."