வாசலோடு நின்ற ரெனே ஆன்ட்டி

வெயிலில் கொதித்த இருக்கையின் சூடும், கையில் தடவிக்கொள்ளும் கோகோ பட்டரின் வாசமுமாக இருக்கும் ரெனே ஆன்ட்டியின் கார். டெக்சாஸின் சுகர் லேண்டில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த கறுப்பினப் பெண்மணி அவர். நிறைமாதத்தில் தலை வலிக்கிறது என்று அவருடைய மகள் எத்தனையோ முறை சொல்லியும் மருத்துவமனையில் யாரும் காதில் வாங்கவில்லை; ரத்த அழுத்தம் ஏறித் தாயும் சேயும் போய்விட்டார்கள். அதன்பின், கறுப்பினத் தாய்மார்கள் சொல்வதை மருத்துவர்கள் மதித்துக் கேட்க வேண்டும் என்று தேவாலயக் கூடத்தில் பெண்களைத் திரட்டிக்கொண்டிருந்தார்.

2006 கோடையில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, உம்மா தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள். கால் வீங்கியது, பார்வை மங்கியது. "புள்ளத்தாச்சிக்குக் கால் வீங்கத்தான் செய்யும்" என்று ஊரிலிருந்து பெரியம்மா போனில் தேற்றினார். கிளினிக்கிலும் "ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வேலியோரம் உம்மாவைப் பார்த்த ரெனே ஆன்ட்டிதான், அவள் மறுக்க மறுக்க, எங்கள் இருவரையும் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். உட்கார்ந்து காத்திருக்கச் சொன்னவர்களிடம், "இவளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்க்கும்வரை நான் நகர மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பார்த்தார்கள். அன்றே அவசரமாக அறுவை சிகிச்சை செய்து தம்பியை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

சில வாரங்களில், சுகாதார அதிகாரிகள் முன்னால் நடக்கவிருந்த கூட்டத்தில் இதையெல்லாம் வந்து சொல்லும்படி அவர் உம்மாவைக் கேட்டார்.

"கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம், இப்பப் போய் மைக்கைப் பிடிச்சுப் பேசணுமா? அது அவங்க பிரச்சனை" என்றார் வாப்பா. தம்பிக்குப் பெயர் சூட்டும் விருந்தைக் கூட்டம் நடக்கும் நாளிலேயே வைத்தார்கள். ரெனே ஆன்ட்டியை அழைக்கவுமில்லை.

கூட்டம் முடிந்து அவராகவே வந்தார், தம்பிக்குத் தன் கையால் பின்னிய குல்லாயோடு. தெருவெல்லாம் கார்கள், வீடெல்லாம் பிரியாணி மணம். "யாரு அது, வீடு கிளீன் பண்ண வர்றவளா?" என்று உள்ளேயிருந்து ஓர் ஆன்ட்டி கேட்க, இரண்டு பேர் சிரித்தார்கள். உம்மா திருத்தவில்லை, கதவைப் பாதி சாத்தியபடியே குல்லாயை வாங்கிக்கொண்டாள்.

"குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறானா?" என்று மட்டும் ரெனே ஆன்ட்டி கேட்டார்.

"யெஸ்" என்றாள் உம்மா. அவள் பக்கத்தில் நின்றிருந்த எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

அடுத்த கூட்டத்துக்கு உம்மா, வாப்பாவிடம் சொல்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், "எனக்காக இவங்க சண்டை போட்டாங்க. இவங்க மகளுக்காக அங்கே யாருமே சண்டை போடலை" என்றாள். ரெனே ஆன்ட்டி அவள் தோளைத் தொட்டு நன்றி சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு அவர் வரவேயில்லை.

இன்று அந்த வேலியும் இல்லை, அவரும் அங்கில்லை. எங்கே போனாரென்று எங்களுக்குத் தெரியாது. போன பெருநாளன்று, தான் பிறந்த கதையைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி, உம்மாவை மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போனது என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"அக்கம்பக்கத்துல யாரோ" என்றார் வாப்பா.

"ரெனே ஆன்ட்டி" என்றேன். உம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.