விருந்தினர் இருவர்

உடன் வந்தவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்க எனக்கு எப்போது பழக்கமாயிற்று? லிஸ்பன் விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைக் கண்ணாடித் தட்டின் மீது வைத்ததும் தானியங்கிக் கதவு சத்தமின்றித் திறந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். என் தோழி வேறொரு வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். அந்தச் சனிக்கிழமைக் காலையை நினைக்கும்போதெல்லாம் என் மீதே எனக்கு எரிச்சல் வருகிறது.

கோயம்புத்தூரில் ஒரே விடுதி அறையில் நான்காண்டு படித்தவர்கள் நாங்கள். இன்று நியூ ஜெர்சியில் பத்து நிமிடத் தொலைவில் வசிக்கிறோம். அவள் வேலை விசாவில் இருப்பவள். க்ரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவள். நான் திருமணத்தின் வழியாகச் சென்ற ஆண்டு குடியுரிமை பெற்றேன். குடியேறிகளுக்கு ஆலோசனை தரும் ஒரு சிறு அமைப்பில் வேலை செய்கிறேன். அவர்களுடைய உரிமைகளைப் பற்றித்தான் முதுகலை ஆய்வேடும் எழுதினேன். விமானத்தில் இருவர் கடவுச்சீட்டையும் ஒரே பையில் போட்டுவைத்திருந்தோம். இரண்டும் கருநீலம். எது யாருடையது என்று எடுத்துப் பார்த்துச் சிரித்தோம்.

மூன்று நாள் விடுமுறையில் சிக்கனமாக ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வருவது என்பது என் யோசனை. திட்டம் முழுவதும் என்னுடையது. அவளோ அந்த மூன்று நாளுக்காக நியூயார்க் போய்க் கைரேகை கொடுத்து, வங்கிக் கணக்கு விவரமும் அலுவலகக் கடிதமும் சேர்த்து, விசா வாங்கியிருந்தாள். விண்ணப்பத்தில் காட்டுவதற்காக ஒரு ஹோட்டலையும் பதிவு செய்திருந்தாள். விசா கிடைத்த மறுநாள், வீண் செலவு என்று சொல்லி அதை ரத்து செய்யவைத்தது நான்தான். என் பெயரில் ஒரு மலிவான விடுதியை எடுத்தேன். அதில் என் பெயருக்குக் கீழே ‘விருந்தினர் இருவர்’ என்று மட்டும் இருந்தது.

வெளியே வந்த நான் ஒரு தூணோரம் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். ரோமிங் வாங்கவில்லை, மின்னஞ்சல் முகவரி கேட்ட இலவச வைஃபையையும் சலிப்போடு மூடிவைத்திருந்தேன். பதினொரு மணிக்கு ஓர் இலவச நடைச் சுற்றுலா இருந்தது. அது கைநழுவியதும் பொறுமையிழந்து வைஃபையை இணைத்து ஒரு குரல் செய்தி அனுப்பினேன். “எங்கடி இருக்க? ஒரு லைன்ல நிக்க இவ்ளோ நேரமா? டூர் போயிடுச்சு.” அனுப்பிய பிறகுதான் அவளுடைய பதினொரு செய்திகளும் வரிசையாக வந்து விழுந்தன.

எங்கே தங்கப்போகிறாய் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். விசாவுக்கு எடுத்த பழைய தாள் மட்டுமே அவளுடைய ஃபைலில் இருந்திருக்கிறது. அவர் அந்த ஹோட்டலை அழைக்க, அந்தப் பதிவு ரத்தாகிவிட்டது என்றிருக்கிறார்கள். அவளைத் தனி அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டார்கள். என் குரல் செய்தியை அவள் அந்த அறையில்தான் கேட்டிருக்கிறாள்.

விடுதிப் பதிவையும் என் கடவுச்சீட்டின் படத்தையும் பதற்றத்தோடு அனுப்பினேன். அதன் பிறகும் நாற்பது நிமிடம் ஆயிற்று. வந்தவளின் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்லியிருக்க வேண்டிய நான், “ஒரு பிரிண்ட்அவுட் எடுத்து வெச்சிருக்கலாம்ல?” என்றேன்.

“எடுக்கறேன்னுதான் சொன்னேன். பேப்பர் வேஸ்ட் பண்ணாத, எல்லாம் என் போன்ல இருக்குன்னு சொன்னது நீதான்டி.” குரலை உயர்த்தவில்லை. பெட்டியின் கைப்பிடியை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னாள். “திருப்பி அனுப்பியிருந்தா, இனிமே ஒவ்வொரு விசா ஃபார்ம்லயும், எங்கயாவது உள்ள விடாம திருப்பி அனுப்பினாங்களாங்கற கேள்விக்கு எஸ்னு டிக் பண்ணணும். அப்புறம் என் வேலை, க்ரீன் கார்டு, எல்லாத்துக்கும் கேள்வி கேப்பாங்க. உனக்குத் தெரியாததா?”

தெரியும். அதைத்தான் வாரத்தில் ஐந்து நாள் பிறருக்கு விளக்கிச் சொல்கிறேன்.

மீதி நேரத்தில் ஊரைப் பார்த்தோம். மஞ்சள் டிராமில் ஏறாமல் மேட்டுத் தெருக்களில் நடந்தோம். ஆறு தெரியும் இடங்களில் நின்றோம். விடுதிச் சமையலறையில் சோறு வடித்து, அவள் கொண்டுவந்திருந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து சாப்பிட்டோம். நான் காட்டியதையெல்லாம் நல்லா இருக்கு என்றாள். ஒவ்வொரு தெருமுனையிலும் பையைத் திறந்து கடவுச்சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, “விடுடி, வந்துட்டேன்ல,” என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

திரும்பி வந்து நெவார்க் விமான நிலையத்தில் இறங்கியதும் அவளுடைய வரிசையிலேயே நானும் நிற்கிறேன் என்றேன். “உனக்குத்தான் சின்ன லைன் இருக்கே, போ. எனக்கு இது பழகிடுச்சு,” என்றாள். போகாமல் நின்றேன். ஒரு மணி நேரம் பெட்டிகளை அடி அடியாகத் தள்ளிக்கொண்டு நகர்ந்தோம்.

அதன்பின் நாங்கள் சேர்ந்து எங்கும் போகவில்லை. சனிக்கிழமைகளில் மளிகைக் கடையில் சந்திக்கிறோம், சிரித்துப் பேசுகிறோம். பயணப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. அலுவலகத்தில் ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கு இப்போது எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டுத் தருகிறேன். கொடுப்பதற்கு முன், அதில் அவர்களுடைய பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.