சுவரின் இரண்டு பக்கமும் சத்தியம்

எங்கள் திருகோணமலையில் ‘வீடு விற்பனைக்கு’ என்று பலகை தொங்கவிட ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். பலகையைக் கண்டால் சனம் கேட்கும்: கடனா, கோட்டு வழக்கா, பிள்ளை ஓடிவிட்டதா? நான் ஆசையாக எழுதுவித்த பலகை அதனால்தான் என் அலுமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. வீட்டுத் தரகுக்கு வந்த நாளிலிருந்து நான் விற்றதெல்லாம் இரகசிய வீடுகள். ‘கடற்காட்சி உண்டு’ என்று முகநூலில் போடுவேன்; தண்ணீர்த் தாங்கியில் ஏறி நின்றால்தான் துறைமுகம் தெரியும் என்பதைப் போட மாட்டேன். எந்தத் தெரு என்பதையும் போட மாட்டேன்.

அப்படி ஒரு வீடுதான் மிஸியின் வீடு. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் அவர் மிஸி. தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, மட்டக்களப்பில் இருக்கும் மகள் போனில் ஒரே அழுகை. இந்த வீட்டை விற்றால்தான் மகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வாங்கலாம்.

“வித்துத் தாங்கோ பிள்ளை. ஆனா பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்கோ.”

நான் சைவக்காரி. பண்ணினேன். தரகுத் தொழிலுக்கு எல்லாச் சாமியும் வேண்டும்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கிண்ணியாவிலிருந்து வந்து இங்கே புடவைக்கடை நடத்தும் முஸ்லிம் முதலாளி. கொஞ்ச நாளில் அவரும் என்னைக் கூப்பிட்டார். அவர்கள் வழக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். வீடு கிடைத்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிப்பார்கள்.

“ஆனா அக்கா, கலியாணக் கதை சரிவரும் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க. முக்கியமா மிஸிக்கு. கதை குழம்பினா அவங்கதான் கூடக் கவலைப்படுவாங்க.”

அதற்கும் சத்தியம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதை நான் கதையில்தான் கேட்டிருக்கிறேன். இப்போது அதுவே என் வேலையாகிவிட்டது. மீறலாம்தான். ஆனால் வாய் இளகிய தரகருக்கு இந்த ஊரில் யார் கதவு திறப்பார்கள்?

முதலாளியை இறக்கக்கண்டி வரை கூட்டிப்போனேன். “நல்ல வீடுதான். ஆனா கூப்பிட்டா மகளுக்குக் கேக்கணுமே” என்றார். விமானத் தளம் இருக்கும் சீனன்குடாப் பக்கம் காட்டினேன். “இங்க பிளேன் சத்தம்தான் கேக்கும்” என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தப் பிளேனிலேயே ஏறிப் போயிருப்பேன்.

இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போனதில் இரண்டு பக்கமும் சந்தேகம் வந்தது. மிஸியிடம், சேலை பார்க்கப் போனேன் என்றேன். முதலாளியிடம், மிஸியிடம் பிரஷர் பார்க்கப் போனேன் என்றேன். மிஸி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து, “வாங்கிற சேலையெல்லாம் எங்க கட்டுறீங்கள்?” என்றார். நோயாளிக்கு இனிப்பு ஆகாது என்று முதலாளி வீட்டில் என் தேத்தண்ணீரில் சீனி நின்றுபோனது. வட்டிலப்பத் தட்டும் என்னைத் தாண்டிப் போனது.

கடைசியில் மிஸியின் வீட்டைப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். கேட் இல்லை, தெரு இல்லை. “அவற்ற முருங்கையும் படத்தில விழக்கூடாது” என்பது மிஸியின் கட்டளை. முதலாளியின் முருங்கைக் கொப்பு ஒன்று சுவர் தாண்டி மிஸியின் முற்றத்தில் மயிர்க்கொட்டிப் புழுக்களை உதிர்க்கும். வெட்டச் சொல்லி ஆண்டுக்கணக்காகச் சண்டை. அவரோ வெட்டாமல், கடையில் மிஞ்சிய சாரத் துணித் துண்டால் கொப்பைத் தூக்கிக் கட்டியிருந்தார். மரத்தைத் தவிர்த்த எனக்கு, படத்தின் மூலையில் தொங்கிய சாரத் துண்டு கண்ணில் படவில்லை.

மறுநாள் மிஸி வீட்டில் நான் இருந்தபோது முதலாளி போனும் கையுமாக வந்து நின்றார். தன் கடைச் சாரம் அவருக்குத் தெரியாதா?

“பிரஷர் எப்படி அக்கா?” என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். இனி விலை கேட்பார் என்று காத்திருந்தேன். மனிதர் மிஸியைப் பார்த்து, “போகாதீங்க மிஸி” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளுக்கு வீடு தேடி ஊரெல்லாம் அலைந்த மனிதர் பேசுகிற பேச்சா இது!

மிஸி அழுதுவிட்டார். “இதுக்குத்தான் தம்பி சொல்லேல்லை. நீங்கள் போகாதேங்கோ எண்டு சொன்னா, என்னால போக ஏலாது.”

முதலாளியும் கண்ணைத் துடைத்தார். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்து என் வியாபாரத்தையும் ஒரு கலியாணத்தையும் கவிழ்க்கப் போகிறார்கள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

“அவரும் மகளுக்கு வீடு தேடுறார் மிஸி!” என்று கத்திவிட்டேன்.

மிஸி அழுகையை நிறுத்தினார். “எங்கட கோழிக்குஞ்சுக்கா?” அந்தப் பிள்ளை நிறை குறைந்து பிறந்தபோது வார்டில் இரவு பகலாகப் பார்த்தவர் அவர்தான். முதலாளி தலையாட்டினார். மிஸி எழுந்து, குசினியிலிருந்து குளியலறை வரை ஒவ்வொரு குறையாகச் சொல்லிக் காட்டத் தொடங்கினார். “இந்த இடம் வழுக்கும். அவள் வர முதல் தரை ஓடுகளை மாத்திப்போடுங்கோ.” அடுத்த வாரமே முதலாளிக்கு வீடு எழுதி முடிந்தது.

மிஸி புறப்பட்ட அன்று முதலாளி ஓர் ஆளைக் கூட்டிவந்து, அவர் மனம் குளிரட்டும் என்று முருங்கைக் கொப்பில் கத்தியை வைக்கச் சொன்னார். வான் வண்டிக்குள் ஏறியிருந்த மிஸி, நோகிற காலோடு இறங்கி வந்தார்.

“வெட்டாதேங்கோ தம்பி. கோழிக்குஞ்சு பிள்ளை பெத்தா முருங்கையிலை வேணும். அப்ப நான் இங்க இருக்க மாட்டன்.”