எங்கடை ஆக்கள் இல்லாத ஒரு அறை

எங்களுக்கு வேண்டியது ஒரேயொரு அறைதான். ரெண்டு கட்டில், பூட்டக்கூடிய கதவு, நடக்கிற தூரத்திலை கடல். விலை குறைவா இருக்கவேணும். முக்கியமா, சுத்துவட்டாரத்திலை ஒரு தமிழ்ச்சனமும் இருக்கக்கூடாது.

எங்களுக்கெண்டா எனக்கும் மச்சாளுக்கும், அதாவது என்ரை மனுசன்ரை தங்கச்சிக்கும். ரெண்டு பேரும் ரொறன்ரோப் பக்கம்தான், நான் மில்லிக்கனிலை, அவள் விட்பியிலை. ரெண்டு பேருக்கும் ஐம்பதைத் தொட இன்னும் கொஞ்சம் கிடக்கு. மாசி மாசம், காருக்கு மேலை கிடந்த பனியைத் தட்டிக்கொண்டு நிக்கேக்கை அவள் போன் எடுத்தாள். ஆட்டமும் பாட்டுமா வெய்யில் தீவொண்டு இருக்காம், வாறியோ எண்டு கேட்டாள். எந்தத் தீவெண்டும் கேக்காமல் ஓமெண்டன்.

எனக்கு உள்ளது ஒரே ஆசை. சுவிம்சூட் போட்டுக் கடலிலை இறங்கவேணும். ஈரத்தோடை வந்து மணலிலை நிண்டு ஆடவேணும். நான் ஆரின்ரை மனிசி, ஆரின்ரை அம்மா எண்டு பாக்கிற ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. சூட்டை வாங்கி, பேஸ்மென்ரிலை நவராத்திரிச் சாமான் பெட்டிக்குள்ளை, சரஸ்வதி படத்துக்குக் கீழை ஒளிச்சு வைச்சன். மன்னிச்சுக்கொள்ளு தாயே.

பிறகென்ன, வேலையிலை மத்தியான பிறேக் முழுக்கப் போனிலை அறை தேடுறதுதான். ஒரு இடத்திலை எட்டுப் பேருக்கு ஒரு அறை, மிஞ்சிக் கிடந்தது மேல் தட்டுக் கட்டில். அந்த ஏணியிலை ஏற என்ரை முழங்கால் விசா தராது. இன்னொண்டிலை ஏசி இல்லை, ஆனா ஜன்னலடியிலை சேவல் இருக்கெண்டு ஆரோ கோவத்திலை எழுதியிருந்தினம். கடைசியா ஒண்டு அம்பிட்டுது. கீழை பார், மேலை எங்கடை அறை. சத்தத்திலை நித்திரை வராதெண்டு போட்டிருந்துது.

"நித்திரை கொள்ளவோ போறம்?" எண்டாள் மச்சாள்.

அண்டைக்கே அதை எடுத்திருக்கவேணும். நான் என்ரை வாயாலை கெட்டன். இரவுச் சாப்பாட்டிலை மனுசன், "அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" எண்டு கேட்டார். "ஒருத்தரும் இல்லை" எண்டு வலு சந்தோசத்தோடை சொன்னன். யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லக்கூடாத வசனம் அது! லண்டனென்ன பாரிசென்ன, ஆரோ தெரிஞ்ச ஒராள்ரை சோஃபாவிலை படுக்காமல் ஹொட்டலிலை நிண்டா எங்கடை சனத்துக்குச் செமிக்காது. மனுசன் போனைத் தூக்கினார். நான் கோப்பை கழுவி முடியமுந்தி ஆள் பிடிபட்டிட்டுது.

"இஞ்சரும், பிறம்ரனிலை இருக்கிற அண்ணையின்ரை ஒண்டுவிட்ட மச்சாள் ஒராள் அங்கை வீடு வாங்கித் தனிய இருக்கிறாவாம். மேல் அறை சும்மா கிடக்காம். ஒரு சதமும் வேண்டாமாம். நீங்கள் வருவியளெண்டு சொல்லிப்போட்டன்."

எனக்கு வந்த விசருக்கு! சிரிச்சுக்கொண்டு, "நல்லதாப் போச்சு" எண்டன். அடுத்த ஞாயிறே பிறம்ரன் அண்ணை வாசலிலை வந்து நிண்டார். கையிலை மிளகாய்த்தூள், கூழுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா. தீவிலை இருக்கிற தன்ரை மச்சாளிட்டைக் குடுக்கட்டாம். நாசமாப் போக, என்ரை சுவிம்சூட்டுக்கு மிளகாய்த்தூள் காவல்.

ஒரே வழிதான் இருந்துது. அந்தத் தீவு அன்ரிக்கு நானே போன் எடுத்து, நாசுக்காப் பொய் சொல்லிக் கழண்டுவாறது. மச்சாளைப் பக்கத்திலை இருத்தி, ஸ்ரீல்ஸ் றோட்டுப் பிளாசாவிலை காரை நிப்பாட்டிப்போட்டு எடுத்தன்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. எனக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது."

"என்னட்டைப் பூனை இல்லையே பிள்ளை."

"நாயும் ஒத்துக்கொள்ளாது."

"நாயும் இல்லை."

"மச்சாள் பயங்கரமாக் குறட்டை விடுவா அன்ரி." மச்சாள் என்ரை தொடையிலை நுள்ளினாள்.

அன்ரி கேட்டா, "பிள்ளை, நீ இஞ்சை ஆடவோ வாறாய்?"

"ஓம் அன்ரி."

"அப்ப என்ரை வீட்டிலை வந்து என்ன செய்யப்போறாய்? கடற்கரையிலை அறையை எடு. உன்ரை மனுசன் கேட்டா, ரெண்டு பேரும் என்ரை மேல் அறையிலைதான் நிக்கிறியளெண்டு நான் சொல்லுறன். ஒடியல் மாவை மட்டும் மறக்காமல் கொண்டுவந்து தந்திட்டுப் போ."

மச்சாள் காருக்குள்ளையே கையைத் தூக்கி ஆடத் தொடங்கீட்டாள். எனக்கு அந்த மனிசியைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சவேணும் போலை இருந்துது. அந்தச் சந்தோசத்திலை, "நீங்கள் எப்பிடி அன்ரி அங்கை போய்ச் சேந்தனீங்கள்?" எண்டு கேட்டன்.

"உன்னைப் போலைதான் பிள்ளை. ரொறன்ரோவிலையிருந்து ஒரு கிழமைக்கெண்டு வந்தனான்."

"எப்ப அன்ரி?"

"இப்ப பதினெட்டு வருசமாகுது."

போனை வைச்சிட்டன். பதினெட்டு வருசமெண்டதும் எனக்கு வந்தது பயமாக்கும் எண்டு முதல் நினைச்சன். மச்சாள் ஆட்டத்தை நிப்பாட்டி, "என்னவாம்?" எண்டாள்.

"நாங்கள் ரிக்கெற்றைத் திரும்பி வாறதுக்கும் சேத்தோ எடுத்தனாங்கள்?"

"ஓம், ரெண்டுக்கும் சேத்துத்தான். ஏன்?"

"ஒண்டுமில்லை" எண்டு காரை எடுத்தன். சொன்னா வெக்கம், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக் கிடந்துது.